கூரைக்குப் போன கண்ணாடி

எழுபத்தெட்டாம் வருஷமா, ஒன்பதா, சரியாக நினைவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு வந்து, கியா பார்ம் மலைச் சரிவில் சொந்தமாக வீடு கட்டினோம். கல் மேல் நிறுத்திய எட்டுத் தூண், தூணுக்குத் தூண் சட்டம், வெளிப்பக்கம் பலகை. பலகை மழையைக் குடிக்காமல் இருக்க, லோரி எஞ்சினில் வடித்த பழைய கறுப்பெண்ணெயை நானே பூசினேன். மேலே தகரம். மூடுபனி இறங்கினால் சுவர் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

எனக்கு வேண்டியது அடுப்படியில் வெளிச்சம். லயத்தில் இருந்தது பலகைச் சன்னல். திறந்தால் வெளிச்சத்தோடு குளிரும் வரும், சாத்தினால் ரெண்டும் போய்விடும். இருட்டைக் கிளறியே பிள்ளைகளை வளர்த்தவள் நான். கண்ணாடி வைக்கணும் என்றேன். வீட்டுக்காரர் குளிருக்குப் பயந்த மனுஷன். சுவரில் ஓட்டை போட்டுவிட்டுக் கம்பளிக்கு அலையவா என்று கேலி பண்ணினார். மூன்று நாள் நான் பேசாமல் இருந்ததில் ஒரே ஒரு கண்ணாடிக்கு இறங்கி வந்தார். அதுவும், ஒரு சொட்டு ஒழுகினாலும் தகரம் வைத்து அடைத்துவிடுவேன் என்று சொல்லித்தான்.

கண்ணாடி வந்த அன்றைக்கு அவர் காய்கறி லோரியோடு கீழே தாப்பா டவுனுக்குப் போயிருந்தார். அதைப் பொருத்த வந்த சீனத் தச்சரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்க்கக் கூடாதே, சுவரில் கொஞ்சம் மேலே வைக்கட்டும் என்று, எனக்குத் தெரிந்த மலாயில் "காச்சா ஆத்தாஸ்" என்றேன். கண்ணாடி மேலே. தச்சர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

"ஆத்தாஸ்?"

"ஆத்தாஸ்லா" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, தோட்டத்தில் கோஸ் வெட்டப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் சுவர் முழுசாக இருக்கிறது. தரையில் மட்டும் சதுரமாக ஒரு வெளிச்சம், யாரோ வெள்ளைத் துணி விரித்த மாதிரி. அண்ணாந்தேன். தகரத்தை வெட்டி, சட்டம் அடித்து, ஓரமெல்லாம் தார் பூசி, என் கண்ணாடி கூரையில் இருந்தது. அதன் மேல் பனி நடந்து போனது. அப்படியே உலையை ஏற்றினேன். பார்த்துக்கொண்டே நின்றதில் உலை பொங்கி அடுப்பு அணைந்தது.

வீட்டுக்காரர் வந்தார். "ஏன் புள்ள, வானத்தையா எட்டிப் பார்க்கப் போறே?"

நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன் என்றேன். பொய்யும் இல்லையே.

"மழை வரட்டும்லா" என்றார்.

மறுநாள் மத்தியானமே வந்தது. நனைந்து வந்தவர், கண்ணாடிக்கு நேர் கீழே மணையைப் போட்டு உட்கார்ந்தார், வேண்டுமென்றேதான். தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி முழுக்கத் தண்ணீர் ஓடியது. அதன் நிழல் அவர் தோளிலும் கையிலும் தரையிலும் ஓடியது. ஆற்றுக்கு அடியில் குடித்தனம் பண்ணுகிற மாதிரி இருந்தது. அவரும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தார் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது. அது நேராக அவர் கிளாசுக்குள் விழுந்தது.

கிளாசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு மடக்குக் குடித்தார்.

"ஒழுகலையே" என்றார்.

மழை விட்டதும் ஏணியையும் தார் டின்னையும் தேடினார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பனிக்குள்ளே, அவர் முகம் தெரிந்தது.