டாக்டரம்மா கேட்ட ‘ஈ’

என் நாக்கைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு என்னைப் பேசச் சொன்ன ஒரே ஆள், எங்கள் ஊர் ராயபுரத்தில் காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டரம்மாதான். அவருடைய ஒரு கையில் துணி சுற்றிய என் நாக்கு. மறு கையில் நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி. “எங்கீங்க, ஈ சொல்லுங்க பாக்கலாம்” என்றார். முக்கிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் நான். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்துவதற்குத்தான் சம்பளம் என்று நினைத்திருந்தவன். குரல் கம்மியதும், கத்தியதால் வந்தது என்று நானே நோயைக் கண்டுபிடித்து இருமல் மிட்டாய் வைத்தியமும் பார்த்தேன். எச்சில் விழுங்கவே வலித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். குரல்வளையில் புண். பார்த்தவர்களெல்லாம் புற்றுநோய் மாதிரியே இருக்கிறது என்றார்கள். சதை எடுத்துப் பரிசோதித்ததில் எதுவும் தெளிவாகவில்லை. ஆனாலும் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம், மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள் என்றார்கள். கம்பெனியில் என்னோடு எப்போதும் சண்டை போடும் டெய்லர்கூட மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அந்தப் பயத்தோடுதான் டாக்டரம்மாவிடம் போய் நாக்கை நீட்டினேன்.

டாக்டரம்மா கண்ணாடியை வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி புண்ணைப் பற்றியதல்ல. “வேறென்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என் மனைவி பையைக் கவிழ்த்தாள். எனக்குள் ஓடுவது அவள் கொடுத்த கிட்னி. (வீட்டுக்காரி பேச்சைக் கேட்காதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது, உள்ளேயே அவள் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.) அதை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் அவை. ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: “எதிர்ப்பு கொறைஞ்ச உடம்புல காசநோய், பூஞ்சை, வைரஸ் எல்லாமே கேன்சர் வேசம் போட்டுட்டு வருமுங்க. அங்க கேன்சரத் தேடியிருக்காங்க. வேற எதையும் தேடலீங்க.”

“அப்பக் கேன்சர் இல்லீங்களா?” என்றாள் மனைவி.

“அப்படியும் நான் சொல்லலீங்க. மறுக்கா எடுத்துப் பாக்கோணும்.”

ஆறுதலுக்காகக்கூட ஒரு பொய் சொல்லாத அந்த வாய்மீதுதான் எனக்கு முதலில் மரியாதை வந்தது. எங்கள் சரக்கைச் சோதிக்க வருகிறவர்களில் கெட்டிக்காரர் மேலே அடுக்கிய பீஸைத் தொடமாட்டார். பெட்டியின் அடியில் கைவிடுவார். டாக்டரம்மாவும் புண்ணின் நடுவோடு நிற்காமல், விளிம்பு ஓரமும் துண்டுகள் எடுத்தார். எல்லாவற்றையும், சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும் என்று, சிலவற்றைக் கிருமி வளர்த்துப் பார்க்கத் தனியாக அனுப்பினார். லேபுக்குத் தானே போன் செய்து, “கிட்னி மாத்துன ஆளுங்க. பூஞ்சைக்குண்டான சாயமும் போட்டுப் பாருங்க” என்றார். சாயப்பட்டறை ஊரில் பிறந்தும், ஒரு சாயத்துக்காக நான் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான்.

பூஞ்சைதான். அதற்கு மருந்து கொடுத்து, கிட்னி டாக்டரோடு கலந்து பேசி பழைய மாத்திரைகளின் அளவையும் மாற்றினார். புண் ஆற மாதங்கள் பிடித்தன. “முழுசா ஆறினாத்தானுங்க கேன்சர் இல்லீன்னு நான் நம்புவேன்” என்று ஒவ்வொரு முறையும் நாக்கைப் பிடித்தார்.

இப்போது அவரிடம் டிவியில் காட்டும் கேமரா வந்துவிட்டது. ஆனாலும் எனக்கு முதலில் அந்தக் குட்டிக் கண்ணாடிதான். போன வாரமும் துணி சுற்றி இழுத்து, “ஈ சொல்லுங்க” என்றார். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் வாசல்வரை கேட்கும் ‘ஈ’.

“போதுமுங்க, வெளிய ஆளுக காத்துட்டிருக்காங்க.”

அவர் நாக்கை விட்டுவிட்டார். நான்தான் ‘ஈ’யை விடவில்லை.