ஈ பத்தாத நாய்

யுத்தத்தைக் காரணம் காட்டித் தாமதமாக ஓடிப் பழகிய ரயில்கள், யுத்தம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. போன வாரம் மொரப்பூர் ஸ்டேஷனில் சேலம் பாசஞ்சருக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு மூங்கில் கூடை. திடீரென்று அது முனகியது!

சட்டென்று நகர்ந்து உட்கார்ந்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"பயப்படாதீங்க சாமி. நம்ம செவலச்சி பெத்ததுங்க" என்றபடி ஒருவர் கூடையைத் திறந்தார். உள்ளே செம்பட்டை நிறத்தில் ஒரு நாய்க்குட்டி.

ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. சித்தேரி மலையடிவாரத்தில் கடலைக்காடு வைத்திருக்கும் வேடியப்பன். கூடவே அவர் மனைவி முனியம்மா. மழைக்காலத்துக்கு முன்னால் இவர்களை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தக் குட்டியின் அருமை உங்களுக்குப் புரியும்.

மொரப்பூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் என் சிநேகிதர். வண்டிக்கு நேரமிருந்தால் அங்கே போய் அரட்டையடிப்பேன். அப்படிப் போன ஒரு நாள், இந்த வேடியப்பன் தன் செவலை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்; பின்னாலேயே முனியம்மா.

"ரெண்டு வாட்டி செனையாயி, ரெண்டு வாட்டியும் கொறையில வுழுந்துபோச்சிங்க. இப்ப மறுபடியும் செனை. இவளுக்கும் வயசாவுது. பன்னிக்கு எதுர நிக்கிறவ எங்கூட்டுல இவ ஒருத்திதாங்க. ஒரு குட்டியாச்சும் தங்காம இவ போயிட்டான்னு வெச்சிக்குங்க... அப்புறம் எங்க காட்டுக்குப் பன்னிதாங்க பட்டாதாரு!"

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. காட்டுப்பன்றி ஒரு தரம் இறங்கிப்போனால் கடலைக்காடு ஏர் ஓட்டிய நிலம் மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும். மற்ற நாய்களெல்லாம் குரைக்கும் — ஓடிக்கொண்டே குரைக்கும். நின்று குரைப்பது செவலச்சி மட்டும்தான்.

டாக்டர் நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். உள்ளே மஞ்சளாக ஓர் எண்ணெய். கோதுமை முளையிலிருந்து எடுப்பதாம். சீமை நாய் வளர்த்த ஓர் அதிகாரி, மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போனது.

"கோதுமையில எண்ணயா!" முனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ரேசன்ல குடுத்தாங்களேன்னு களி கிண்டுனா, கோந்தாட்டம் பல்லுல ஒட்டுது. அதுல எண்ண வேறயா சாமி?"

"இருக்கும்மா. இதுல ஈ இருக்கு" என்றார் டாக்டர்.

வேடியப்பன் பாட்டிலை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணயும் காணமே..."

"கண்ணுக்குத் தெரியாதுப்பா. அது ஒரு சத்து. உன் நாய்க்கு ஈ பத்தலை. அதனாலதான் குட்டி தங்கலைன்னு நினைக்கிறேன்."

"ஈ பத்தலீங்களா?" வேடியப்பனுக்கு ரோஷமே வந்துவிட்டது. "இவ காதப் பாருங்க சாமி! எப்பிடி மொய்க்கிது! தின்னே தீத்துருச்சி!"

உண்மைதான். நாயின் காதோரம் புண்ணாகி, அதன் மேல் ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் விளக்கிச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் கூச்சல். கன்று போட முடியாமல் ஒரு பசு இழுத்துக்கொண்டு கிடக்கிறதாம். "தினம் ஒரு ஸ்பூன்!" என்று கத்திக்கொண்டே ஓடினார். ஒரு ஸ்பூன் சரி... எங்கே என்று சொல்லாமலே ஓடிவிட்டார்!

வைட்டமின் ஏ, பி, சி, டி என்று பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த வரிசையில் அடுத்த ஆள்தான் இந்த ஈ. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நம் பக்கத்தில் மாடு கன்று போட்டால் 'ஈனிருச்சி' என்போம். குட்டி தங்குவதற்கான சத்துக்கு ஈ என்றே பெயர் வைத்த அந்தச் சீமை ஆசாமி, ஒரு தரம் மொரப்பூர் பக்கம் வந்து போயிருப்பாரோ?

பிற்பாடு டாக்டரிடம் கேட்டேன். இதனால் நிஜமாகவே குட்டி தங்குமா?

"எலிக்குத் தங்குதுன்னு நிரூபிச்சுட்டாங்க. நாய்க்கும் பூனைக்கும் கொடுத்துப் பார்க்கிறாங்க. உறுதி சொல்ல நான் யாரு?"

"மனுஷாளுக்கு?"

"ஐயையோ, அதையெல்லாம் எழுதிடாதீங்க! நாளைக்கே இங்க கியூ நிக்கும்."

இனி பிளாட்பாரத்துக்கு வருவோம். "எண்ணெயைத் தவறாமல் கொடுத்தீர்களா?" என்றேன்.

"குடுக்கிறதா? தடவுனேங்க! தெனம் ஒரு ஸ்பூனு, ரெண்டு காதுலயும்."

"காதிலா!"

"பின்ன? ஈ தொல்ல தாங்காம இவ ஒடம்ப அலட்டிக்கிறா, அதான் செனை நிக்கலன்னு டாக்டரு சொன்னாருங்களே."

டாக்டர் சொன்னாராம்!

"தடவுனா வுட்டாளா அவ?" முனியம்மா நடுவில் புகுந்தார். "முன்னங்கால்ல காதத் தேக்கிறதும், அந்தக் கால நக்கறதும்... அதே வேல. மிச்சம் மீதிக்கு எங்கூட்டுப் பூன. அவ தல மேல ஏறிக் காத வழிச்சி வழிச்சி நக்கும். அது என்னமோ சாம கொட்டி வெக்கிற குதிருக்குள்ள அஞ்சு குட்டி போட்டு வெச்சிருக்கு. அத ஆரு கேட்டா?"

ஆக, தடவிய மருந்து போக வேண்டிய வயிற்றுக்கு எப்படியோ போயிருக்கிறது. போகவேண்டாத வயிற்றுக்கும் போயிருக்கிறது.

செவலச்சிக்கு இரண்டு குட்டிகள். கூடையில் இருந்த கடுவன், பொம்மிடியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறது. பெட்டைக்குட்டி காட்டுக்கு.

"நேத்து எருமயப் பாத்துக் கொரைக்கிது சாமி" என்றார் வேடியப்பன். "நின்னு கொரைக்கிது!"

முனியம்மா வேறு கட்சி. "காவல் பரணுக்கு அடியில கெடந்தவள வூட்டுக்குள்ள கட்டி, மூணு வேளயும் கம்மங்கூழு ஊத்துனேன். குட்டி தங்காம என்ன பண்ணும்?" இருக்கலாம். எண்ணெயாகவும் இருக்கலாம். இதில் எனக்கு ஓட்டு இல்லை.

புதுப் பெயர் ஒன்று காதில் விழுந்ததும், நமக்குத் தெரிந்த ஒரு பெயருக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறோம். வேடியப்பன் மட்டுமா? படித்தவர்களும் அப்படித்தான். வைட்டமின் 'பி' முதன்முதலாக நம் ஊருக்கு வந்தபோது என்ன பாடு பட்டது என்று எனக்குத் தெரியும்... எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

ஒருவழியாக வண்டி வந்தது. கூடையைத் தலைக்கு ஏற்றிய வேடியப்பன், ஏதோ நினைத்துக்கொண்டவர்போலத் திரும்பினார்.

"டாக்டரப் பாத்தா ஒண்ணு சொல்லிடுங்க சாமி. மனசுல வெச்சிக்க வேணாம்னும் சொல்லுங்க. அந்த மருந்து சுத்தமா கேக்கலீங்க."

"கேட்கவில்லையா? கூடையில் குட்டி இருக்கிறதே!"

"குட்டி எங்க கொலசாமி முனியப்பன் குடுத்ததுங்க. ஈ அப்பிடியேதான் மொய்க்கிது!"