டி மைனரில் ஒரு கிறிஸ்துமஸ் துள்ளல்

போன வாரம் எங்கள் கிறிஸ்துமஸ் ஒத்திகைக்கு ஒருவர் மாலையும் கையுமாக வந்தார். கோயில் முக்கில் பூக்கடை வைத்திருக்கும் முருகேசன். டிரம் அடித்துக்கொண்டிருந்த நான், நமக்குத்தான் போலிருக்கிறது என்று கழுத்தைக்கூட லேசாக நீட்டினேன்.

அவர் செருப்பை வாசலில் விட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"யாருண்ணே தவறுனது? இந்த மாதிரி ரோஸ் மாலை கட்டவா, சம்பங்கி போதுமா?"

நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தது... துள்ளல் நடனம்!

எங்கள் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துபவர் சேவியர் மாஸ்டர். கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சிக்கென்று சின்னதாக ஒரு நடன இசையை அவரே சொந்தமாக எழுதியிருக்கிறார். வாசிப்பது எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா – ரெண்டு வயலின், ஒரு கீபோர்டு, கல்யாண பேண்டிலிருந்து வரும் கிளாரினெட், அப்புறம் நான். வயலின் வேண்டும் என்றுதான் கேட்டேன். மாஸ்டர் என் விரல்களைப் பார்த்தார். டிரம்மைக் கொடுத்தார்.

ஆடப்போவது அன்னையர் குழு. எட்டுப் பேர், பதினாறு முழங்கால். அதில் டாக்டரைப் பார்க்காதவை நாலு தேறும். பார்த்தவற்றில் இரண்டு என் மனைவி ரீத்தாவுடையவை. வருஷா வருஷம் மேடைக்குப் பின்னால் நின்று, வாய் நிறைய ஊக்கைக் கடித்துக்கொண்டு, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தேவதைச் சிறகு குத்திவிட்டவள்.

"இந்த வருசமாவது முன்னால நின்னு ஆடிப்புடணும்ங்க" என்றாள்.

கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

சிக்கல் வேகத்தில் வந்தது. மாஸ்டர் எழுதியிருந்தது டி மைனர் என்கிற ஸ்கேலில். "மைனர்னாலே சோகம்தானே மாஸ்டர்?" என்று என் இசை ஞானத்தை எடுத்து விட்டேன்.

"யாரு சொன்னா? ஓட்டத்துல எடுத்தா துள்ளும். இழுத்தா ஒப்பாரி. நீங்க இழுக்குறீங்க!"

இழுக்காமல் என்ன செய்ய? எனக்கு வீட்டில் தனி உத்தரவு. "மெதுவா அடிங்க. என் முட்டி தாங்காது. வேகமா அடிச்சீங்க... ராத்திரி சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் கிடையாது."

கோயிலில் ஒரு வேகம், வீட்டில் ஒரு வேகம். ஒரு மனுஷன் யாருக்குத்தான் பயப்படுவான்? சாப்பாடு போடுகிறவர்களுக்கு!

முருகேசன் மாலையோடு திரும்பிப் போனதும், மாஸ்டர் ஸ்கேலை மாற்றிப் பார்த்தார். அதே மெட்டு, அதே நிதானம், ஆனால் டி மேஜர். மேஜர் வந்தால் சந்தோஷமும் வந்துவிடுமாம். வந்தது ஸ்கூல் பிரேயர். அன்னையர் எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றுவிட்டார்கள்.

பழையபடி மைனர்.

மாலை விவகாரம் ஃபாதர் காதுக்குப் போனது. "ஞாயித்துக்கிழமை நானே வந்து கேக்குறேன். அப்பவும் துக்க வீடு மாதிரி இருந்துச்சுன்னா, பென்டிரைவ்ல ஒரு பாட்டைப் போட்டு சின்னப் பிள்ளைகளை ஆட விட்டுருவோம். அம்மாக்கள் உதவிக்கு இருந்தா போதும்" என்றார்.

அன்று ராத்திரி ரீத்தா தட்டை வைத்தாள். வெஞ்சனம் கேட்காமலே வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஃபாதர் முன்வரிசை நாற்காலியில். மாஸ்டர் தன் வயலின் வில்லை உயர்த்தினார். நான் குடும்ப விசுவாசத்தோடு ஆரம்பித்தேன் – டொம்... டொம்... அன்னையர் குழு சிலுவை சுமப்பது போல அசைந்தது. ஃபாதர் வாட்சைப் பார்த்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து எழப் போனார்.

ரீத்தா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, தூங்குறீங்களா? அடிங்க!"

சொன்ன கையோடு கும்மிக்குத் தட்டுவது போலத் தட்ட ஆரம்பித்தாள். மற்ற ஏழு பேரும் சேர்ந்துகொண்டார்கள். எட்டு ஜோடிக் கைகள் முன்னால் ஓட, நான் டிரம்மோடு பின்னால் ஓட, வயலின்கள் என் பின்னால் ஓடி வந்தன. கல்யாண கிளாரினெட்காரர் மட்டும் பெண் அழைப்பில் வருவது போல ஜம்மென்று வந்தார்.

மாஸ்டர் எழுதிய சுரம் ஒன்றுகூட மாறவில்லை. அதே டி மைனர்தான். நின்று நின்று பார்த்தால் அழுகிறது, ஓடவிட்டால் சிரிக்கிறது. நம் வீட்டுக் கவலைகளும் இப்படித்தானோ என்னவோ... இந்தத் தத்துவமெல்லாம் இப்போது எழுதும்போது தோன்றுவது. அப்போது எனக்குத் தோன்றியது தோள்பட்டை வலி மட்டும்தான்.

ஃபாதர் மறுபடி உட்கார்ந்தார். அவர் ஷூ தரையில் தாளம் போட்டது. முடிந்ததும் கைதட்டினார்.

"பென்டிரைவ் வேணாம். நீங்களே ஆடுங்க! எங்க, இன்னொரு தடவை..."

"ஆடுறோம் சாமி. செத்த நேரம் மூச்சு விட்டுக்கிறோம்" என்றாள், தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ரீத்தா. முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

மாஸ்டர் இசைத் தாளை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார். தாளின் தலையில், எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று குறிக்க வேண்டுமாம்.

"ரீத்தாக்கா, என்ன வேகம்னு எழுதட்டும்?"

"இதுல எழுத என்ன இருக்கு மாஸ்டர்? சாமி எந்திரிக்கிற மாதிரி தெரிஞ்சா வேகம். உக்காந்துட்டார்னா நிதானம்."

மாஸ்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.