பண்ணையின் பேரில் வந்த வாந்திபேதி

இராஜாங்கத்துக்கு உடம்பில் ஒரு நோயும் கிடையாது. ஆனாலும் குடவாசல் பக்கத்து அந்தச் சிறிய ஊரில் அவர் தோளை உரசிக்கொண்டு நடக்க யாரும் துணிந்ததில்லை. அரசு ஆஸ்பத்திரியின் தொற்றுநோய் வார்டில் பதினான்கு வருடமாக எழுத்தர். நோயாளிகளைத் தொட்டுத் தூக்கும் ஆயாக்களைக் கூட ஊரார் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். பேனாவைத் தவிர எதையும் தொடாத இவருக்குப் பத்திரிகை தபாலில் வந்தது, முகூர்த்தம் கழிந்து. பெண் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை. வயது நாற்பத்தாறு.

ஆகவே அவரோடு மனம்விட்டுப் பேசியவர்கள், வாந்திபேதிக்காரர்களைக் கூட்டிவந்தவர்கள் மட்டுமே. மேட்டூர் அணையை மூடி, வாய்க்கால் வறண்டு, ஜனங்கள் குளத்துத் தண்ணீரைக் குடிக்க இறங்கியதும் பங்குனியில் வண்டிகள் வர ஆரம்பிக்கும். எந்த ஊர் என்று கேட்பார். கூலிக்காரர்கள் ஊரைச் சொல்ல மாட்டார்கள். "துரைக்கண்ணு பண்ணைங்க", "நாகநாதன் பண்ணைங்க" என்பார்கள். அந்தப் பண்ணையாரின் நிலம் எந்தக் கிராமக் கணக்கில் இருக்கிறதோ, அந்தக் கிராமத்தின் கீழ் நோயாளியைச் சேர்ப்பார். வருட முடிவில் அட்டவணை போட்டு, 'நோய் பரவலாக உள்ளது. குறிப்பிட்ட இடம் எதுவும் இல்லை' என்று எழுதி முடிப்பார். அந்த வாக்கியத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆட்சி மாறி மூன்றாவது வருடம். கூலித் தகராறில் ஊர்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்த சித்திரையில், ராமாயி தன் புருஷன் வீரையனை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். வருடம் தவறாமல் யாரையாவது கொண்டுவருகிறவள்தான்.

"வாம்மா. துரைக்கண்ணு பண்ணைதானே?"

"இல்லீங்கய்யா. வடவாக்குடி கீழத்தெருன்னு எழுதுங்க."

"போன வருஷம் பண்ணைன்னுதானே சொன்னே?"

"அப்ப அவரு பேரச் சொல்லாட்டி உள்ள சேக்க மாட்டாங்கன்னு நெனச்சோம். வெவசாயக் கூலிச் சங்கத்துல சொல்லிட்டாங்க. இனிமே வாந்தி எடுத்தாலும் எங்க பேருலதான் எடுப்போம்."

இராஜாங்கம் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அந்த வார்டு பார்த்ததில்லை.

மாதக் கடைசியில் சிரிப்பு நின்றது. முப்பத்தெட்டுப் பேர்; அத்தனை பேரும் கீழத்தெரு. பழைய பதிவேடுகளை எடுத்துக்கொண்டு வீரையனின் கட்டிலருகே போய், ராமாயியிடம் ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

"நாகநாதன் பண்ணை மருதையன்?"

"எங்க எதிர்வூடு."

"சிங்காரவேலு பண்ணை அம்சவல்லி?"

"பின்னாடி வூடுங்க. அய்யா எழுதுன அந்த வருஷமே செத்துப்போச்சு."

ஆறு கிராமங்களின் கீழ் அவர் எழுதிய நோயும் ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே குளத்தில் தண்ணீர் மொண்டிருக்கிறது.

கீழத்தெருவுக்கு ஒரு கைப்பம்பு வேண்டுமென்று எழுதி அனுப்பினார். ஜீப்பில் வந்த சுகாதார அதிகாரி அட்டவணைகளைப் புரட்டினார்.

"இத்தனை வருஷத்துல இந்தத் தெருவுல ஒரு கேஸ் இல்ல. சங்கம் வந்ததும் முப்பத்தெட்டு. பம்பு கேக்க இது ஒரு வழியா?"

"நோய் பழசுதான் சார். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அப்ப அதையே எழுதிக் குடுங்க. எல்லா வருஷமும் தப்புன்னு. தெருவுக்குப் பம்பு வரும். உங்களுக்கு என்ன வரும்னு நான் சொல்ல முடியாது."

இரண்டு நாள் பேனாவைத் திறக்கவில்லை. அந்த அட்டவணைகளைத் தவிர, இத்தனை வயதுக்குத் தன்னுடையது என்று காட்ட அவரிடம் வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து, வருடம் வருடமாகத் தன் தப்பை எழுதினார், அதே அழகிய கையெழுத்தில்.

மெமோ வந்தது. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. ஆடியில் பம்பும் வந்தது. அரசாங்கம் இரண்டு காரியங்களை ஒரே வேகத்தில் முடிப்பது அபூர்வம்.

அடுத்த சித்திரையில் கீழத்தெருவிலிருந்து ஒரு வண்டிகூட வரவில்லை. யாருக்கும் நோய் வர வேண்டுமென்று நினைக்கிற மனிதரல்ல அவர். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

குடவாசல் பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் ராமாயி எதிர்ப்பட்டாள்.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கோங்க. ஒங்க பக்கம் வர்ற வேலையே இல்லாமப் போச்சு."

"அது போதும். வீரையன்?"

"வயலுக்கு எரு அடிக்கப் போயிருக்குங்க."

அதற்குமேல் என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. சுகமாக இருப்பவர்களிடம் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ராமாயி ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தாள். பஸ் வந்தது, "வரேங்கய்யா" என்று ஏறிக்கொண்டாள்.