என் பெயரில் ஒரு லைன் கிளியர்

1950களின் கடைசியில் நான் கொடைக்கானலில் லைன்மேனாக இருந்தேன். மின்கம்பியில் கை வைப்பதற்கு லைன் கிளியர் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். சுவிட்சு அறை ஆபரேட்டர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதை எழுதித் தருவார். வாங்கியவனே திரும்பிவந்து ஒப்படைக்கும்வரை மறுபடி மின்சாரம் விடக்கூடாது. தேர்வெழுதித் தேறியவன் பெயரில்தான் சீட்டு கிடைக்கும். நான் தேறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

ஊருக்கு வரும் லைனில், சோலைக்காட்டு ஓரத்து மேட்டில், கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ் ஒன்று வெடித்துவிட்டது. என் பெயரில் சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். உதவிக்கு என்னோடு வந்தவர் வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்காரர், என்னைவிட மூத்தவர். ஏணி வைத்து ஏறிப் புதுக் குமிழை மாட்டினேன். வேலை நடக்கும்போது கம்பியைத் தரையோடு பிணைத்து ஒரு சங்கிலி மாட்டியிருப்போம். தவறி மின்சாரம் வந்தாலும் ஆளைக் காப்பது அதுதான். வேலை முடிந்ததென்று அதையும் கழற்றிக் கீழே போட்டேன். இறங்கப் போகையில் பனிமஞ்சுக்குள்ளிருந்து காட்டுமாடுகள் வந்தன.

வெள்ளகவிக்காரர் பக்கத்து மரத்தில் ஏறிவிட்டார். பெரிய காளை ஒன்று கம்பத்தில் கழுத்தைத் தேய்த்தது. ஏணி சரிந்து விழுந்தது. நான் குறுக்குச் சட்டத்தில் தொற்றி உட்கார்ந்தேன். கம்பி என் முழங்காலை உரசிக்கொண்டிருந்தது.

"அசையாதீங்க தம்பி. அதுகளாப் போயிரும்," என்றார் அவர் மரத்திலிருந்து.

"பொழுது சாயுதுண்ணே. வேலை முடிஞ்சிருக்கும்னு நெனச்சு லைனைப் போட்டுட்டா?"

"சீட்டு ஒங்ககிட்டதான இருக்கு?"

"இருக்கு."

"பெறகென்ன. பேசாம இருங்க."

மாடுகள் அவசரமில்லாமல் மேய்ந்தன. மஞ்சு விலகியபோது கீழே ஊர் தெரிந்தது. விளக்கெரிய வேண்டிய நேரம். ஏரிக்கரையிலும் கடைத்தெருவிலும் இருட்டு. சன்னல்களில் மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. என்னைப் பார்த்தறியாத அத்தனை பேரும் என் சட்டைப்பையில் கிடந்த தாளுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயம் எப்போது போனதென்று தெரியவில்லை.

மாடுகள் காட்டுக்குள் போனதும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு வழுக்கி இறங்கினேன். இருவரும் வெரசாக நடந்தோம்.

சுவிட்சு அறையில் ஹோட்டல்காரர் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஆளு எப்பவோ எறங்கியிருப்பான். போட்டு விடுங்கய்யா. டூரிஸ்ட்டெல்லாம் இருட்டுல ஒக்காந்திருக்காங்க."

ஆபரேட்டர் சுவிட்சுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"சங்கிலியக் கழட்டியாச்சா?"

"ஆச்சு சார்."

"கூட வந்தவரு?"

"வெளிய நிக்கிறாரு."

"கையெழுத்துப் போடு."

சீட்டில் போட்டுக் கொடுத்தேன். சுவிட்சின் பிடியை ஏற்றினார். வாசலுக்கு வெளியே ஊர் முழுக்க விளக்குகள் ஒரே சமயத்தில் பூத்தன. அந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை.

அதன் பிறகுதான், ஏன் தாமதம் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு என்மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதுகூட இல்லை. சீட்டில் வேறு யார் பெயர் இருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அதுதான் பெரிய வியப்பு.

ஹோட்டல்காரர் என் சேறு படிந்த சட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.