சம்பந்தி வீட்டுக் கழிவறையில் ஏற்றிய சூடம்

போன ஆவணியில், சிதம்பரத்தில் நடந்தது. கடலூரில் தன்னோடு வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று என் மகள் சொன்னாள். அவனுக்குச் சொந்த ஊர் சிதம்பரம். நான் தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவன். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துப் பேசிவர பழமும் வெற்றிலையும் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு, மனைவியின் தம்பியோடு கிளம்பினேன். நம் மேல் மீன் வாடை வந்துவிடக் கூடாதே என்று அன்று விடியற்காலையே தேய்த்துக் குளித்து, மகளின் சென்ட்டையும் பூசிக்கொண்டேன். பஸ்ஸில் மச்சான் தும்மிக்கொண்டே வந்தான்.

தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் ஏற்றினோம். மிச்சச் சூடமும் தீப்பெட்டியும் என் சட்டைப்பைக்குள் போயின. விதி!

அந்த வீட்டு சோபாவில், பையனுக்கும் அவன் அப்பா அம்மாவுக்கும் எதிரே உட்கார்ந்ததுமே, பஸ் ஸ்டாண்டில் தின்ற பூரிக்கிழங்கு வேலையைக் காட்டியது. கழிவறையோ கூடத்தை ஒட்டியே இருந்தது. கதவுக்கு மேலே ஒரு முழம் திறப்பு. ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். எந்தப் புண்ணியவான் கட்டிய வீடோ! முடித்து எழுந்தபோது எனக்கே மூச்சு முட்டியது.

தீக்குச்சி கிழித்தால் நாற்றம் எரிந்துவிடும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. கிழித்தேன். மருந்து வாடை மூக்கில் ஏறியது; நாற்றம் போன மாதிரிதான் இருந்தது. குச்சி அணைந்ததும் அது பத்திரமாகத் திரும்பி வந்தது. எரிவது குச்சிதான், நாற்றமல்ல. புது வாடையைக் காட்டி மூக்கை ஏமாற்றுகிறது, அவ்வளவே. பதற்றத்தில் இருந்த எனக்கு இது புரியுமா? இருந்த சூடம் முழுவதையும் தரையில் குவித்துப் பற்றவைத்தேன். குபீரென்று எரிந்து வெள்ளை டைல்ஸில் கரி படிந்தது. கூடத்தில் இருந்த பையனின் அம்மா, சூட வாசனைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். மச்சான் பிறகு சொன்னான்.

கண்ணீரும் இருமலுமாக வெளியே வந்தேன். பையனின் அப்பா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“மீன் நாத்தத்துலயே பொழங்குறவங்க நீங்க. உங்களுக்கு இதெல்லாம் ஒரு நாத்தமாங்க?”

வீடே சிரித்தது. என் கோமாளித்தனத்துக்குச் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். சிரித்தது அதற்கல்ல. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்க நாத்தம் கைய கழுவுனா போயிடுங்க” என்றேன்.

சிரிப்பு நின்றது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினான். “மாமா, நீ உம்னு ஒரு வார்த்த சொல்லு, தட்டத் தூக்கிக்கினு போயிக்கினே இருக்கலாம்!” நான் அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மகளின் வாழ்க்கையாயிற்றே. வைத்த காபியைக் குடித்துவிட்டு, “கலந்து சொல்றோம்” என்று கும்பிடு போட்டுக் கிளம்பினேன். அந்தக் கும்பிட்டை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒன்று விடாமல் சொன்னேன், சூடம் உட்பட. அதுவரை சிரித்தவள், பையனின் அப்பா சொன்னதைக் கேட்டதும் நிறுத்தினாள்.

“அப்ப இவரு என்னப்பா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலம்மா. போனையே பாத்துக்கினு இருந்தாரு.”

“அப்ப வேணாம்பா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேசியவர் மேல் மட்டுமே கொதித்துக்கொண்டிருந்த எனக்கு, பேசாமல் இருந்தவனையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று காட்டியவள் அவள்தான். அவன் மேல் எனக்கு அன்று மூண்ட கோபம் இன்றுவரை தணியவில்லை, தணியவும் வேண்டாம்.