நாலு மணி டீ

நாகூரில் ஒரு துணிக்கடையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஆடிட்டர் கேட்டார் என்று, கடையில் வேலை பார்த்த எங்கள் மூன்று பேருக்கும் வேலை ஒப்பந்தம் தயாரிக்கச் சொன்னார் முதலாளி. அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். காலை பத்திலிருந்து இரவு ஏழு வரை வேலை, மாலை நான்கு மணிக்கு டீ இடைவேளை என்று டைப் செய்து நீட்டினேன்.

"டீ குடிக்கிறதையெல்லாமா எழுதுவாங்க? எப்பவும் வாங்கித் தர்றதுதானேம்மா?"

"எழுதிட்டா நல்லதுங்க பாய்" என்றேன் பிடிவாதமாக. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கோடையிலேயே ரமலான் வந்தது. தெருவில் டீக்கடைகள் பகலில் திறக்கவில்லை. எங்கள் மூவருக்கும் நோன்பு கிடையாது. ஆனால் உதடு வெடித்துப்போய் பாய் துணி அளந்துகொண்டிருக்கும்போது எப்படி டீ கேட்பது? மாதம் முழுக்க வேண்டாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

முதல் நாள் நான்கு மணிக்கு மாடி வீட்டிலிருந்து பிளாஸ்க்கோடு இறங்கி வந்தார் பாய்.

"ஐயோ, எங்களுக்கு வேண்டாங்க பாய்."

"நோன்பு எனக்குத்தானேம்மா? உங்க நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்ல. வீட்ல எல்லாரும் தூங்குறாங்க, நானே போட்டேன். ஆறுறதுக்குள்ள குடிங்க."

தலையைக் குனிந்துகொண்டு குடித்தோம். பாகு மாதிரி இனித்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க அப்படியேதான் இனித்தது.

இப்போது தஞ்சாவூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தம் தயாரிப்பதே என் வேலை. ஷிப்ட் நேரத்தை டைப் செய்துவிட்டு இடைவேளை என்ற வரிக்கு வரும்போது அந்த இனிப்பு தொண்டைக்கு வந்துவிடும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க முடியாத மனிதர், குறைந்துவிடக் கூடாதே என்று அள்ளிப் போட்ட சர்க்கரை அது.